சிவப்பு பல்பின் கீழே மஞ்சள் தெரியாது

என் கையெழுத்தும் பிழைகளும் உங்களுக்குச் சிரமம் கொடுக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அல்சூரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், அதோடு சரி. சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது ஐம்பத்தாறு வயதிலும் எனக்குத் தீரவில்லை. சர்க்கரை நோயால் கண்ணும் மங்கிவிட்டதால் கோடு தாண்டி எழுத்து இறங்கும். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் படித்து, மற்றவர்களுக்குக் கன்னடத்தில் சொல்லிவிடுங்கள்.

போன வாரம், நான் முன்பு எடுபிடி வேலை பார்த்த லேபில் புதிதாகச் சேர்ந்த உங்கள் நான்கு பேரிடமும் கால் மணி நேரம் பேசச் சொல்லி சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். சந்தாபுராவிலிருந்து பஸ் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டி வந்து, உங்கள் முன்னால் நின்றேன். கண்ணாடிச் சாமான் கழுவும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள் என்று சொன்னேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டேன். நான் சொல்ல வந்தது மோதிரத்தைப் பற்றி அல்ல.

கழுவுவது, துடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அவற்றை எழுதவில்லை. லேபில் இருக்கும் இருட்டறையில் எனக்கு நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அங்கே என்ன வேலை நடக்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தானமாக வரும் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் அதை ஏற்றிக்கொள்கிறவருக்கும் வரும். ரத்தத்தைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. அதற்காக ஒருவகை மருந்து. இருட்டில் இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது, தூங்கும். சரியான நிறத்தில் வெளிச்சம் பட்டால் எழுந்துகொள்ளும், பக்கத்தில் இருக்கும் வைரஸைக் கொன்றுவிடும். அதனால்தான் மருந்து பாட்டில்களை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கிறோம். நான் முதன்முதலில் அவற்றைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது ஸ்டோர்காரர், “என்ன குரு, பிரியாணி பார்சலா? நமக்கு ஒண்ணு எடுத்து வை,” என்றார். அவர் கன்னடக்காரர். எல்லோரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இருட்டறையில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு மட்டும்தான். சிவப்பு வெளிச்சத்துக்கு அந்த மருந்து எழாது. அறைக்குள் ஒரு பெட்டி, அதற்குள் நீல விளக்கு. அந்த நீலத்துக்குத்தான் மருந்து எழும்.

அந்த அறையில் ஆராய்ச்சி செய்ய ஒரு மேடம் வந்தார். பெயர் எழுத மாட்டேன். தர்மபுரிப் பக்கம். என்னைவிட இருபது வயது சின்னவர். வந்த முதல் நாளே என்னை அண்ணா என்று கூப்பிட்டார். அதற்கு முன்பு அங்கே எனக்கு ‘ஹலோ’ என்றுதான் பெயர்.

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. முகத்தைப் பார்த்தால் வார்த்தை உள்ளேயே நின்றுவிடும். ஆனால் அந்த இருட்டில் முகம் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பெட்டி அரை மணி நேரம் ஓடும், அதுவரை இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே நான் பேசினேன். என் மனைவியிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் நான் தம்பிகளோடு சைக்கிள் கற்றுக்கொண்டது, மகள் படிப்பு, மாமனார் பிடிவாதம், எல்லாம் சொன்னேன். அவர் அவருடைய ஊர்ச் சந்தையைப் பற்றிச் சொல்வார். நான் கேட்காமலே வேலையையும் சொல்லிக் கொடுப்பார். “வெயில்ல போட்டா சில சாயம் வெளுத்துப் போகுதுல்ல அண்ணா, அதுங்க வெளிச்சத்தைத் தின்னுதுங்கன்னு அர்த்தம். நம்ம மருந்தும் அந்த ஜாதிதான்,” என்றார் ஒருநாள்.

நாலு குழாய் கணக்கையும் அவர்தான் சொன்னார். இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு குழாயிலும் உப்புத் தண்ணீர், அதில் வைரஸ். முதல் குழாய்க்கு மருந்தும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இரண்டாவதற்கு வெளிச்சம் மட்டும். மூன்றாவதற்கு மருந்து மட்டும். நாலாவதற்கு இரண்டும். முதல் மூன்றும் பிழைத்து நாலாவது மட்டும் சாக வேண்டும். நாலாவது செத்தது முக்கியம் இல்லை, மற்ற மூன்றும் பிழைத்ததுதான் முக்கியம் என்பார். அவர் சோதித்தது மனிதரை ஒன்றும் செய்யாத வைரஸ், பாக்டீரியாவை மட்டும் தின்பது. குழாயில் இருப்பதைப் பாக்டீரியாவோடு கலந்து தட்டில் ஊற்றி வைப்பார், மறுநாள் அதில் பாக்டீரியா பாலாடை போலப் படிந்திருக்கும். வைரஸ் உயிரோடு இருந்தால் அந்த ஆடையில் தோசையில் விழுவது போல ஓட்டைகள் இருக்கும். ஓட்டை இல்லை என்றால் வைரஸ் செத்தது. எனக்கே எண்ணத் தெரியும்.

ஒருநாள் பெட்டி ஓடும்போது கரண்ட் போனது. பெட்டியின் கடிகாரமும் அழிந்துவிட்டது. எத்தனை நிமிடம் வெளிச்சம் விழுந்தது என்று தெரியாவிட்டால் அன்றைய மருந்து வீண். அந்த மருந்து அவரிடம் இருந்ததே சிட்டிகை அளவு. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பவன் என்று அவருக்குத் தெரியும்.

“அண்ணா, எவ்வளவு ஆச்சு?”

“பதினொன்னு மேடம். பன்னெண்டாவும் இருக்கலாம். நடுவுல இருமினேன், அப்ப விட்டுப்போச்சு. சரியா தெரியல.”

அவர் அந்த நாலு குழாயையும் கீழே கொட்டச் சொன்னார். எனக்கு வருத்தமாகிவிட்டது. கரண்ட் வந்த பிறகு அவர் சொன்னார்: “பதினொன்னுன்னு அடிச்சுச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன் அண்ணா. தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அதுதான் வேணும்.”

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இதை இங்கே எழுதுவது பெருமைக்கு அல்ல. அதற்குப் பிறகு நான் செய்தது தெரிய வேண்டும் என்பதற்காக.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. லேபில் வாசல் கதவு, வேன், ஜெனரேட்டர், பாட்டில் வேகவைக்கும் பெரிய குக்கர், இவற்றுக்குப் பொட்டு வைக்கலாம், இருட்டறைக்குள் மட்டும் எதுவும் கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேடம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு வரும் உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவர்கள் கூட்டம், அதில் சரி என்றால்தான் இன்னும் ஒரு வருடம். இந்தத் தடவையும் நாலு குழாயும் சரியாக வந்துவிட்டால் போதும் அண்ணா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பூசணிக்காய் உடைத்து எல்லோரும் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர்காரர் என்னைப் பார்த்து, “வேனுக்கு வச்ச மஞ்சள்ல பாதி உன் சட்டையிலதான் இருக்கு குரு,” என்று சிரித்தார். எனக்கு ஒன்று மனதில் குத்திக்கொண்டே இருந்தது. ஜெனரேட்டருக்குக்கூடப் பொட்டு இருக்கிறது, அந்த மேடத்தின் சாமானுக்கு மட்டும் இல்லை. அவருக்குத்தானே இப்போது வேண்டும்?

மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு உள்ளே போனேன். நீல விளக்குப் பெட்டிக்கு ஒரு பொட்டு. அவருடைய உப்புத் தண்ணீர் பாட்டில் மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது பாட்டிலின் மூடி தளர்ந்திருந்தது. கழற்றிச் சரியாகப் பொருத்தி இறுக்கினேன், அதே விரலால். கும்பிட்டேன். பிறகு சாரின் பேச்சு நினைவுக்கு வந்து பயம் பிடித்தது. ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். உள்ளே மருந்து இருப்பதால் வெள்ளை விளக்கைப் போடக் கூடாது. சிவப்பு பல்பிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இது எனக்கு அப்போது தெரியாது.

மேடம் வந்தார். அந்த இரண்டாவது பாட்டிலைத்தான் எடுத்தார். மறுநாள் தட்டுகளை வெளியே எடுத்தோம். முதல் தட்டில் ஓட்டைகள். மூன்றாவதில் ஓட்டைகள். நாலாவதில் ஒன்றும் இல்லை, சரி. இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. ஆடை வழவழவென்று முழுசாக இருந்தது. மருந்தே போடாத குழாயில் வைரஸ் செத்திருக்கிறது.

அவர் திரும்பச் செய்தார். அதே முடிவு. முகம் சுருங்கிப் போனது. சாரிடம் போய்ச் சொன்னார். சார் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பகல் நேரம், ஜன்னல் வழியாக வெயில், மேலே டியூப்லைட் வேறு. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“அண்ணா, நான் ஊருக்குப் போயிருந்தப்ப உள்ள யாராவது வந்தாங்களா? பாட்டில் எதையாவது தொட்டாங்களா?”

பொட்டு வைத்ததால் ஒன்றும் கெட்டிருக்காது என்றுதான் அப்போது நினைத்தேன். அதைச் சொன்னால் சாரின் பேச்சை மீறியது மட்டும்தான் வெளியே வரும். நான் கான்ட்ராக்ட் ஆள்.

“இல்ல மேடம்,” என்றேன்.

அவர் சார் பக்கம் திரும்பினார். “அண்ணா சொன்னா சரியா இருக்கும் சார்.”

உப்புத் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாமா என்று அவர் யோசித்திருந்தார். என் வார்த்தையால் அதை விட்டுவிட்டார். விளக்கை மாற்றினார். சூடு அளந்தார். பெட்டிக்குள் விசிறி வைத்தார். மருந்தும் தீர்ந்தது, நாளும் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு நான்தான் டீ கொண்டு போனேன். ஆங்கிலத்தில் பேசினார்கள். வெளிச்சம் மட்டுமே கொல்கிறது என்றால், இதற்கு முன்பு அவ்வளவு நல்ல கணக்கு எப்படி வந்தது என்று ஒரு பெரியவர் கேட்டாராம். பிறகு சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொய் எழுதினாய் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். டீ வைக்கும்போது மேடத்தின் கையைப் பார்த்தேன். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி துணி துவைத்தாள். ஆயுத பூஜைச் சட்டையில் மஞ்சள் விரல் தடம். சோப்புப் போட்டதும் அது ரத்தம்போல் சிவந்தது. நான் பதறினேன். “இதுக்கு ஏன் இப்படி முழிக்கிற? மஞ்சக் கறதானே, வெயில்ல போட்டா தானா போயிடும்,” என்று மொட்டை மாடிக்குக் கொண்டு போனாள். சாயங்காலம் எடுக்கப் போனேன். கறை இல்லை.

மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வெளுக்கும் சாயம் வெளிச்சத்தைத் தின்கிறது. நம் மருந்தும் அந்த ஜாதி என்றால், மஞ்சளும் அந்த ஜாதிதானே. என் விரலில் இருந்தது மூடிக்குள் போய், அவர் ஊற்ற ஊற்றத் தண்ணீரில் இறங்கி, நீல விளக்கின் கீழே எழுந்துகொண்டது. இருட்டில் இருந்த குழாய்களில் அது தூங்கியது. கணக்கு சரியாகப் பொருந்தியது.

திங்கட்கிழமை காலை சொல்லிவிடுவது என்று போனேன். மேடம் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் வெயில். இரண்டு பேர் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், “அண்ணா, இதைக் கொஞ்சம் ஒட்டித் தாங்களேன்,” என்று டேப்பைக் கொடுத்தார். ஒட்டினேன். ஒரு தடவை ஒட்டினால் போதும், மூன்று தடவை சுற்றினேன். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.

“வரேன் அண்ணா. உடம்பப் பாத்துக்கோங்க.”

“சரி மேடம்,” என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். பாட்டிலைத் தொட்டது தவறுதான், ஆனால் தெரியாமல் செய்தது. சாரின் அறையில் ‘இல்ல மேடம்’ என்று சொன்னது பயம். மூன்றாவது, எல்லாம் தெரிந்த பிறகு டேப் ஒட்டியது. முதல் இரண்டை நான் எனக்கு மன்னித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். அந்த இரண்டாவது பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதை அலுமினியத் தாளில் சுற்றி அலமாரியின் பின்னால் வைத்தேன். மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீல விளக்குப் பெட்டியைப் பழைய சாமானோடு போடும்படி சார் சொன்ன அன்றுதான் வாய் திறந்தது.

“சார், கொஞ்சம் உள்ள வாங்க. வெளிய வச்சு எனக்குச் சொல்ல வராது.”

சிவப்பு பல்பின் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சார் திட்டவில்லை. அலமாரியின் பின்னாலிருந்து பாட்டிலை எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு, “ஏன்யா, அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தத் தண்ணியக் கீழ ஊத்தியிருப்போம். அவ்வளவுதானே?” என்றார்.

அவரே தன் கையால் நாலு குழாய் வைத்தார். மருந்து எதுவும் இல்லாமல், என் பாட்டிலின் தண்ணீர் ஒரு பக்கம், புதுத் தண்ணீர் ஒரு பக்கம். புதுத் தண்ணீரில் வெளிச்சம் பட்டும் வைரஸ் பிழைத்தது. என் பாட்டிலில் இருட்டில் பிழைத்தது, வெளிச்சத்தில் செத்தது.

சார் என் எதிரிலேயே மேடத்துக்குப் போன் செய்தார். அதற்குள் அவர் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்துவிட்டிருந்தார். சார் விஷயத்தைச் சொன்னார், திரும்பி வரச் சொன்னார். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்றார் அவர். பிறகு நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று கேட்டார். சார் போனை என் பக்கம் நீட்டினார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். “இல்லம்மா, வெளிய போயிருக்கார்,” என்று எனக்காகச் சொன்னார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“அவர வேலைய விட்டு அனுப்பிடாதீங்க சார். நான்தான் உங்க ரூம்ல வச்சுக் கேட்டிருக்கக் கூடாது. உள்ள கூட்டிட்டுப் போய்க் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு.”

அதன்பிறகு வேறொருவர் வந்து அந்த மருந்தின் வேலையை முடித்தார். முடிவு எழுதியபோது மேடத்தின் பெயரை முதலில் போட்டார்கள் என்று சார் சொன்னார். அவருடைய பழைய கணக்குகள் எல்லாம் சரி என்று ஆனது. நானும் ஆறு வருடம் அதே அறையில் வேலை செய்தேன். வந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அரை மணி நேரத்தைக் கழிப்பார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை முடிவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் “அண்ணா” என்று கூப்பிடும் என்று தோன்றும். அந்த இருட்டைப்போல வேறு எந்த இடமும் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போது கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன். அது வேறு இருட்டு.

எங்கள் சந்தாபுரா ஸ்டாப் வழியாகத் தர்மபுரி பஸ் போகும். போர்டைப் படித்துக்கொண்டே நிற்பேன். ஒருநாள் ஏறியும் விட்டேன். கொஞ்ச தூரத்திலேயே, அத்திபெலேயில் இறங்கி, ரோட்டைக் கடந்து, திரும்பி வந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். தவறு செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. செய்துவிட்டால், உங்களுக்கு எங்கே நின்றால் பேச வருமோ அந்த இடத்துக்கு அவரை அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். படிக்கட்டின் கீழோ, ஸ்டோரிலோ, எங்கேயோ. யாராவது உங்களிடம் “பாட்டிலைத் தொட்டாயா” என்று கேட்டால், அவர் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உங்கள் பதிலை வைத்துத்தான் அடுத்த காலடியை எடுத்து வைக்கப் போகிறார்.

போன வாரம் உங்கள் முன்னால் பேச முடியாமல் ஸ்டோர் பக்கம் போனேன். ஸ்டோர்காரர் பழைய நோட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேடத்தின் நோட்டு இருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டாவது குழாய் செத்த நாளின் பக்கத்தில் நாலு வரி, நாலு கணக்கு. இரண்டாவது வரியில் சைபரைச் சுற்றி இரண்டு வட்டம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு சொல், பக்கத்தில் இரண்டு புள்ளி. ஸ்டோர்காரரிடம் கேட்டேன், ‘காரணம்’ என்று படித்துச் சொன்னார். மீதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. உப்புத் தண்ணீர் கெட்டிருந்தது என்று சார் டைப் அடித்து வைத்த தாள் ஃபைலில் இருக்கிறது. யார், எப்படி என்று அதில் இல்லை. அது சார் எனக்குச் செய்த நல்லது. அந்தப் பக்கத்துக்கு அது போதாது.

நான் எழுதிய இந்தத் தாள்களை அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நோட்டில் பின்னால் எழுதிச் சேர்த்தால் பழைய தேதியைப் போடக் கூடாது, எழுதிய அன்றைய தேதியைத்தான் போட வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்.

காரணம்: ஆயுத பூஜை அன்று இரண்டாவது பாட்டிலின் மூடியை மஞ்சள் பட்ட விரலால் நான் திறந்து மூடினேன். மேடம் கேட்டபோது இல்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.